ஐம்பது நிமிடமாம்... எந்த விமானத்தில்?

"தூத்துக்குடி கோவை விமான தூரம்" என்று தேடினால் தளம் தளமாக வந்து நிற்கிறது. 275 கிலோமீட்டர் சொச்சம், பயண நேரம் 50 நிமிடம். கூடவே ஒரு வரைபடம் வேறு. எங்கள் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் கிளம்பி, கொடைக்கானல் மலையைத் தாண்டி, கோவை விமான நிலையம் இருக்கிற பீளமேட்டில் போய் இறங்குகிற அழகான கோடு. கோடு சரி, அதில் பறக்கிற விமானம் எங்கேய்யா?

கிடையாது. நான் டிக்கெட் தேடிய அன்று ஒன்றுகூட இல்லை. ரெண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து நேர்கோடு போட்டு, ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்து ஒரு எண்ணைத் துப்பி வைத்திருக்கிறார்கள். விமானம் ஓடுகிறதா என்று எவனும் பார்ப்பதில்லை. எங்கள் ஊருக்கு வருவதோ பெரும்பாலும் மணிக்கு 500 கிலோமீட்டர் போகிற, காத்தாடி வைத்த ஏடிஆர் ரகச் சின்ன விமானம்!

அந்த ஐம்பது நிமிடத்தை நம்பி, கோவையில் தங்கை முறையாகிற பெண்ணின் கல்யாண வரவேற்புக்கு விமானத்தில் வருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். அப்புறம் எப்படிப் பின்வாங்குவது? கிடைத்தது சென்னை வழி. வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் போய், மறுபடி தென்மேற்கே 400 கிலோமீட்டர் திரும்பி வரணும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றினால்கூடப் பரவாயில்லை, நான் ஊரையே சுற்றினேன். நடுவில் சென்னையில் நாலரை மணி நேரக் காத்திருப்பு. சார்ஜர் குத்த இடம் தேடி அலைந்துகொண்டிருந்தபோது அம்மா போன் செய்தார்.

"எங்கல இருக்க?"

"சென்னையில."

"ஏம்ல, கோயம்புத்தூருக்குத்தான போறேன்னு சொன்ன?"

என்ன பதில் சொல்ல?

ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் போகலாம் என்று, சின்ன ஊர்களுக்கும் மலிவாக விமானம் விடுகிற உடான் திட்டத்தில் 2017இல் முதல் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். போகலாம்தான், சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவராக இருந்தால். 2025 ஜூலையில் எங்கள் ஊரில் புது முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் இப்போது 3,115 மீட்டர். குறை சொல்ல மாட்டேன், பளபளவென்று இருக்கிறது. ஆனால் உப்பும் மீனும் துறைமுகமும் உள்ள ஊருக்கும், பஞ்சாலையும் பம்ப்செட்டும் உள்ள ஊருக்கும் நடுவில் போக ஆளே இல்லையா? ரயிலையாவது நம்பலாம் என்றால், கோவை வழியாகப் போகிற மேட்டுப்பாளையம் வண்டி 2024இல் விட்டார்கள், வாரத்துக்கு ரெண்டே நாள். கல்யாணத்தை அந்தக் கிழமை பார்த்தா வைக்க முடியும்?

காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவன், பெட்டிக்குக் காத்து, ஆட்டோ பிடித்து, மண்டபத்தில் நுழைந்தபோது மணி ஆறே முக்கால். பத்து மணி நேரத்துக்கு மேல்! சாலை வழியே மொத்தத் தூரமே 350 கிலோமீட்டர்தான். எனக்கு அப்புறம் சாவகாசமாகக் காரில் கிளம்பிய மச்சான், வழியில் ஒட்டன்சத்திரத்தில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்தில் ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்க மாப்ள, பிளேன்ல வர்றவுகளுக்காகத்தான் பந்தியை நிறுத்தி வச்சிருக்கோம்."