விரிசல் விழாத டேஷ்போர்டு ஒன்று வேண்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் என்ஜின் வேலைதான் கஷ்டம் என்று சொன்னவர் யாரோ, அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பிஸ்டன் ரிங், கேஸ்கெட் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. 1969இல் அறிமுகமான டாட்சன் 240இசட்டுக்கு விரிசல் இல்லாத அசல் டேஷ்போர்டு கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி.

உள்ளே ஃபோம், மேலே வினைல். வினைலை மிருதுவாக வைத்திருக்கும் சரக்கு வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அப்புறம் அது விறைத்துச் சுருங்கி வாய் பிளக்கும். ஐம்பது வருட வெயில்! பிளக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

போன மாதம் ஒருவர் "புத்தம் புதுசு மாதிரி" என்று சத்தியம் செய்தார். பெட்டியைப் பிரித்தால், விரிசலில் புட்டி அடைத்துக் கறுப்புப் பெயிண்ட் பூசியிருக்கிறது. அதுவும் தூரிகையால்! விரிசலை மறைக்க மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மூடி ஒன்றும் கடையில் உண்டு. வழுக்கைக்கு விக் வைத்த மாதிரி, பார்த்தவுடனே தெரிந்துவிடும். நகல்களிலோ வினைலின் வரிகள் கதவுப் பலகையோடு ஒத்துப்போவதில்லை.

டேஷ்போர்டுக் கடிகாரம் மட்டும் அசலாகவே கிடைத்தது, சரி. ஓடவில்லை.