கோப்பை ஜெயித்தவர்தான் சிறந்த ஓனரா?

சாம்பியனுக்கே சிறந்த ஓனர் விருதையும் தூக்கிக் கொடுப்பதாக இருந்தால் ஓட்டெடுப்பு எதற்கு? எங்கள் பேஸ்பால் சிமுலேஷன் லீகில் சீசன் முடிந்து இந்த வாரம் அந்த ஓட்டெடுப்புதான் நடக்கிறது. பாதிப் பேர் கோப்பை வாங்கியவர் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை, ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் இது என்ன ஆட்டம் என்று கேட்பவர்களுக்கு. ட்ரீம் லெவன் மாதிரி நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் அடிக்கிற ரன்னுக்குப் புள்ளி வாங்குகிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் அந்த வகைக்குப் பெயர் ரொட்டிசெரி, 1980-ல் டேனியல் ஓக்ரன்ட்டும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது, நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். சிமுலேஷன் அதைவிடப் பழசு. 1951-ல் ஆப்பா, 1961-ல் ஹால் ரிச்மன் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், இரண்டும் அட்டையும் தாயக்கட்டையும் வைத்து ஆடுவது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை, கட்டையை உருட்டினால் அட்டையில் இருப்பது நடக்கும். அதே யோசனைதான் கம்ப்யூட்டருக்கு வந்தது. 1999-ல் மார்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மன்காரர் அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்று ஒன்றை எழுதினார் (பேஸ்பாலே பெரிதாக ஆடாத நாட்டிலிருந்து!), இன்றைக்கு ஆன்லைன் லீக் நடத்துகிறவர்களில் நிறையப் பேர் ஆடுவது அதைத்தான்.

லீக் நடக்கிற விதம் எளிமையானது. ஆளுக்கு ஒரு டீம். கமிஷனர் என்று ஒருவர் லீக் ஃபைலை வைத்திருப்பார். நாம் அதை இறக்கி, யார் ஆடுவது, யாரை மைனர் லீக் என்கிற கீழ்நிலை லீகுக்கு அனுப்புவது, பந்து வீசுகிற பிட்சர்களில் யாருக்கு ஓய்வு, யாருக்கு என்ன சம்பளம், எல்லாம் முடிவு செய்து கெடு முடிவதற்குள் அனுப்ப வேண்டும். கமிஷனர் ஒரு பட்டனை அழுத்துவார், ஒரு வாரத்து ஆட்டங்கள் முழுக்க ஓடி முடிந்துவிடும். நம் கையில் மட்டையும் இல்லை பந்தும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் சாம்பியன் வாதம் ஆட்டம் காண்கிறது. பேஸ்பாலில் பிளேஆஃப் என்பது குட்டித் தொடர், அதில் எது வேண்டுமானாலும் நடக்கும். 2001-ல் சியாட்டில் மரினர்ஸ் 162 ஆட்டத்தில் 116 ஜெயித்தது, அது ஆடிய அமெரிக்கன் லீகின் வரலாற்றில் அதுவரை யாருமே அத்தனை ஜெயித்ததில்லை, ஆனால் யாங்கீஸிடம் ஐந்தே ஆட்டத்தில் தோற்று, சாம்பியனை முடிவு செய்கிற வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடரின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2006-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 83 மட்டும் ஜெயித்து, தட்டுத்தடுமாறி பிளேஆஃப் போய், வேர்ல்ட் சீரிஸையே தூக்கிக்கொண்டு வந்தது. இந்த இரண்டு டீமில் எதைக் கட்டியவர் கெட்டிக்காரர் என்று கேட்டால் யாருக்காவது சந்தேகம் வருமா? நிஜத்திலேயே இந்த நிலை என்றால், கம்ப்யூட்டர் உருட்டுகிற கட்டையில் ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை வைத்து ஒருவருடைய வருஷ உழைப்பை அளப்பது என்ன நியாயம்?

சரி, பிளேஆஃபை விடு, அதிக வெற்றியைப் பார் என்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேஸ்பால் புள்ளிவிவரங்களை அலசி எழுதுகிற பில் ஜேம்ஸ் சொன்ன பழைய கணக்கு ஒன்று உண்டு. டீம் எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கமும் எதிரணிக்கு விட்ட ரன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், எத்தனை சதவீதம் ஜெயித்திருக்க வேண்டும் என்று கிட்டத்தட்ட வந்துவிடும். 2012 பால்டிமோர் ஓரியோல்ஸ் 712 ரன் எடுத்து 705 விட்டது. கணக்குப் போட்டால் 82 வெற்றி வர வேண்டும், வந்ததோ 93. மீதி 11 எங்கிருந்து வந்தது? ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 ஜெயித்து 9 மட்டும் தோற்றார்கள், அங்கிருந்துதான். அடுத்த வருஷம் 85 வெற்றி, பிளேஆஃபும் இல்லை. எங்கள் லீகில் இந்த வருஷம் அதிக வெற்றி பெற்ற டீமின் ரன் கணக்கையும் போட்டுப் பாருங்கள் என்று குழுவில் சொன்னேன். ஒருவர் சிரிக்கிற படம் போட்டார், இன்னொருவர் பொறாமை என்றார். கணக்கை யாரும் போடவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கையில் என்ன கொடுத்தார்கள், அதை வைத்து என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். நியூயார்க் மாதிரி பெரிய ஊர் டீம் கிடைத்தவருக்கு டிக்கெட் வருமானம், டிவி வருமானம் எல்லாம் கொட்டும், ஒரு ஒப்பந்தம் தப்பாகப் போனால் இன்னொரு ஒப்பந்தம் போட்டுச் சரிசெய்துகொள்வார். சின்ன ஊர்க்காரர் ஒரு தப்பான ஒப்பந்தம் போட்டால் நாலு வருஷத்துக்கு அதைத்தான் சுமக்க வேண்டும். நிஜ பேஸ்பாலில் கானி மேக் என்று ஒருவர் இருந்தார். பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸில் பங்குதாரராகத் தொடங்கி 1901 முதல் 1950 வரை அவரே மேனேஜர். எங்கள் லீக் ஓனர்கள் செய்கிற வேலையெல்லாம் ஒரே ஆளாகச் செய்தவர் என்று சொல்லலாம். ஐந்து வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார். கையில் காசு இல்லாமல் போனபோது ஜெயித்த டீமையே பிரித்து விற்றார், அதுவும் இரண்டு முறை. மேனேஜராக அவர் மொத்தம் ஜெயித்தது 3,731, தோற்றது 3,948. தோற்றது அதிகம், ஆனாலும் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பேஸ்பாலின் கௌரவப் பட்டியலில் அவர் இருக்கிறார். வெறும் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த மனிதரைத் தோற்றவர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு டேங்கிங் செய்கிறவர்கள், அதாவது வேண்டுமென்றே தோற்கிறவர்கள், வந்து நிற்பார்கள், அவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "நான் இப்போது தோற்பது மூன்று வருஷம் கழித்து ஜெயிப்பதற்கு" என்பார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111 தோற்றது, 2017-ல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. உடனே எல்லோரும் அதையே உதாரணம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள் (அந்தக் கோப்பையின் மேல் கேமரா வைத்து எதிரணியின் சிக்னலைத் திருடிய கறை இருப்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்). ஆனால் ஒருவர் வேண்டுமென்றே தோற்றால் அது அவரோடு முடிகிற விஷயமா? ஒரே டிவிஷனில், அதாவது லீகின் ஒரே பிரிவில், இருப்பவர்கள் அவரோடு அதிக ஆட்டம் ஆடுவார்கள், அவர்களுக்கு இலவச வெற்றி கிடைக்கும். பக்கத்து டிவிஷனில் கஷ்டப்பட்டு ஆடி ஒரு ஆட்டத்தில் வாய்ப்பை இழப்பவர் என்ன பாவம் செய்தார்? நிஜ மேஜர் லீகே 2022 கடைசியில் டிராஃப்ட் வரிசைக்கு, அதாவது புது இளம் ஆட்டக்காரர்களை டீம்கள் தேர்ந்தெடுக்கிற வரிசைக்கு, குலுக்கல் கொண்டுவந்தது, கடைசியில் நின்றால் முதல் வாய்ப்பு உறுதி என்கிற ஆசையைக் குறைக்கத்தான். எங்கள் லீகில் அந்தக் குலுக்கல் இன்னும் வரவில்லை, வர வேண்டும்.

அப்புறம் ட்ரேட், அதாவது டீம்கள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது. சிமுலேஷன் லீகில் நட்பு உடைவதெல்லாம் இங்கேதான். நிஜத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1976-ல் ஓக்லண்ட் ஓனர் சார்லி ஃபின்லி தன்னுடைய மூன்று நட்சத்திரங்களை 35 லட்சம் டாலருக்கு விற்கப் பார்த்தார், விடா புளூவை யாங்கீஸுக்கு, ஜோ ரூடியையும் ராலி ஃபிங்கர்ஸையும் பாஸ்டனுக்கு. கமிஷனர் பௌவி கூன் தலையிட்டு ரத்து செய்தார், விளையாட்டின் நலனுக்கு ஆகாது என்று. ஃபின்லி வழக்குப் போட்டும் தோற்றார். எங்கள் கமிஷனர் ஒரு ட்ரேடை ரத்து செய்தால் எழும் கூச்சலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு கூன் ஞாபகம் வரும். 1899 கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸ் கதை அதைவிட மோசம். அந்த டீமின் ஓனர்களான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் டீமையும் வாங்கினார்கள், சை யங் உட்பட நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அங்கே தள்ளிவிட்டார்கள். மிச்சமிருந்த ஸ்பைடர்ஸ் 20 ஜெயித்து 134 தோற்றது, பார்க்க ஆளே வராததால் பெரும்பாலான ஆட்டங்களை வெளியூரிலேயே ஆடினார்கள், அடுத்த வருஷம் டீமே இல்லை. ஆன்லைன் லீகில் இது எப்படி நடக்கிறது தெரியுமா? ஒருவர் வேலைப்பளு என்று நண்பரிடம் "கொஞ்ச நாள் என் டீமையும் பார்த்துக்கொள்" என்பார். நண்பரும் பார்த்துக்கொள்வார். சீசன் முடிவில் நல்ல பிட்சர் எல்லாம் நண்பர் டீமில் இருப்பார்கள்.

இனி என் ஓட்டு யாருக்கு என்று சொல்கிறேன். பெயர் வேண்டாம், லீகில் இருப்பவர்களுக்குத் தெரியும். 74 ஜெயித்து டிவிஷனில் நாலாவது வந்தவர்.

சிரிக்காதீர்கள். அந்த டீமின் பழைய ஓனர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய், கம்ப்யூட்டரே டீமை நடத்திக்கொண்டிருந்தது. 34 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ஒருவருக்கு இன்னும் ஐந்து வருஷ ஒப்பந்தம் பாக்கி, மைனர் லீகில் உருப்படியாக ஒருவரும் கிடையாது. அதை இவர் கேட்டு வாங்கினார். எனக்கும் அவருக்கும் ஒரு ட்ரேட் பேச்சு வந்தது, நான் அவருடைய இளம் பிட்சர் ஒருவனைக் கேட்டேன். மதிப்பெண் எல்லாம் பிரமாதம், 80-க்கு 65. அவர் அனுப்பிய முதல் வரியே "இவனுடைய காயப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், முழங்கை ஒருமுறை போயிருக்கிறது" என்பதுதான். அந்தப் பட்டியல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்த ஆசையில் யாரும் அந்தப் பக்கத்தைத் தட்டுவதில்லை, நானும் தட்டியிருக்க மாட்டேன். கடைசியில் விலையைக் குறைத்துப் பேசி முடித்தோம். அவருக்கு அதில் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் இன்றைக்கு அவர் யாரிடம் பேசினாலும் மறுநாளே பதில் வருகிறது, மற்றவர்கள் அனுப்பும் ட்ரேடுக்கு ஒரு வாரம் ஆனாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

செப்டம்பரில் அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். அவருடைய டீம் எப்போதோ போட்டியிலிருந்து வெளியே போய்விட்டது. கடைசித் தொடர் டிவிஷன் தலைமைக்கு மோதிக்கொண்டிருந்த டீமோடு. அந்த நிலையில் பெரும்பாலான ஓனர்கள் ஃபைலே அனுப்ப மாட்டார்கள், அடுத்த வருஷ டிராஃப்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் பிட்சர் வரிசையை ஒரு நாள் நகர்த்தி, ஓய்வு முடிந்த தன்னுடைய நல்ல இடதுகை பிட்சரை அந்தத் தொடரின் முதல் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார், ஏனென்றால் எதிர் டீமில் இடதுகை மட்டையாளர்கள் அதிகம். மூன்றில் இரண்டு ஜெயித்தார். அவருக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை, டிராஃப்டில் ஓர் இடம் பின்னால்கூடப் போனார். ஆனால் அந்த டிவிஷன் பட்டம் உண்மையான பட்டமாக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

"அப்போ இது நல்ல பிள்ளை விருதா, அதற்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாமே" என்று நம் சாம்பியனே கேட்டார். நல்ல கேள்விதான். நான் சொல்வது குணத்துக்கு மார்க் போடுவதில்லை. கம்ப்யூட்டர் கையில் இருந்தபோது 57 ஜெயித்த டீம் அது. பெரிய சம்பளத்துக்கு யாரையும் எடுக்காமல், மற்றவர்கள் விடுவித்தவர்களை வேவர்ஸில் பொறுக்கி, தடுப்பாட்டம் தெரிந்தவர்களை ஷார்ட்ஸ்டாப்பிலும் சென்டர் ஃபீல்டிலும் நிறுத்தி, விடுகிற ரன்னைக் குறைத்தார். ஒரே வருஷத்தில் 17 வெற்றி கூடுதல். ரன் கணக்கும் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது, அதிர்ஷ்டம் இல்லை. சாம்பியன் போன வருஷத்தைவிட இரண்டு வெற்றி கூடுதலாக எடுத்தார். யார் அதிக வேலை செய்தது?

ஓட்டு முறையைப் பற்றி கமிஷனருக்கு ஒரு வேண்டுகோள். நிஜ மேஜர் லீகில் சிறந்த மேனேஜர் விருதுக்குப் பத்திரிகையாளர்கள் பிளேஆஃப் தொடங்குவதற்கு முன்பே ஓட்டுப் போட்டுவிட வேண்டும், முதல் மூன்று பெயர், 5-3-1 புள்ளி. நாமும் அப்படியே செய்வோம். கோப்பை யாருக்கு என்று தெரிந்த பிறகு ஓட்டுப் பெட்டியைத் திறந்தால் எல்லோர் கையும் ஒரே பெயருக்குத்தான் போகும். தனக்குத் தானே போட்டுக்கொள்வதையும் நிறுத்துங்கள். 1947-ல் டெட் வில்லியம்ஸ் டிரிபிள் கிரவுன் (பேட்டிங்கின் மூன்று முக்கியக் கணக்கிலும் லீகில் முதலிடம்) அடித்தும் ஜோ டிமாஜியோவிடம் 201-க்கு 202 என்று ஒரே புள்ளியில் எம்விபி என்கிற சிறந்த ஆட்டக்காரர் விருதை விட்டார், அங்கேயே அப்படி என்றால் நம் மாதிரி சின்ன லீகில் ஒரு சுய ஓட்டு என்னவெல்லாம் செய்யும்.

முதல் ஓட்டு 74 வெற்றிக்காரருக்கு. இரண்டாவது சாம்பியனுக்கே, மனிதர் நிஜமாகவே நல்ல ஓனர், அவருடைய புல்பென் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்குகிற பிட்சர்கள்) மாதிரி ஒன்றை நான் இன்னும் கட்டவில்லை. மூன்றாவது இடத்தில் மட்டும் முடிவுக்கு வரவில்லை, பட்ஜெட்டை வெட்டியும் 85 ஜெயித்தவரா, டிராஃப்டில் எடுத்த பையன்களை மட்டுமே வைத்து பிளேஆஃப் போனவரா என்று. ஞாயிறு இரவு வரை நேரம் இருக்கிறது, லீக்காரர்கள் யாராவது படித்தால் இந்த இரண்டு பேரில் யார் என்று கமெண்டில் வந்து சண்டை போடுங்கள்.