தலையில ஷாம்பு, வாசல்ல வேட்பாளர்

ஸ்டூடன்ட்ஸ் எலெக்‌ஷன் வந்துருச்சு. ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேணாம்.

ராத்திரி பன்னெண்டரைக்குக் கதவைத் தட்டி, தூக்கத்துல கையைக் குலுக்கிட்டுப் போனீங்களே, அதைக்கூட மன்னிச்சுட்டேன். இன்னிக்குக் காலையில பண்ணது இருக்கே...

மணி எட்டு இருபது. ஒம்போதுக்கு இன்டர்னல் எக்ஸாம். தலை பூரா ஷாம்பு. குழாயைத் திறந்தா "புஸ்ஸு"ன்னு காத்து. அந்த நேரம் பார்த்து பாத்ரூம் கதவுல டொக் டொக். "அண்ணா, நம்ம பேனல்ல செகரெட்டரிக்கு நிக்கிறேன்ணா."

நான் எந்தக் கோலத்துல நிக்கிறேன்னு தெரியுமாடா உனக்கு?

"குளிக்கிறேன்பா."

"பரவால்லணா, ரெண்டே நிமிஷம்."

பரவால்லைன்னு சொல்ல வேண்டியவன் நான்! வாக்குறுதி ஆரம்பிச்சுருச்சு. வைஃபையாம். விடிய விடிய லைப்ரரியாம். மெஸ்ஸுல வாரத்துக்கு ரெண்டு நாள் மீன் குழம்பாம். அப்புறம் குரலை ஏத்தி, "இருபத்துநாலு மணி நேரமும் தண்ணிணா!" பின்னாடி கைதட்டல். பாத்ரூம் வராண்டாவுல கைதட்டல்!

கண்ணு எரியுது. "தம்பி, அந்த இருபத்துநாலு மணி நேரத்துல ஒரே ஒரு பக்கெட் இப்பவே குடுத்துரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "டேய், அண்ணன் சொன்னதை நோட் பண்ணிக்கடா"ங்கறான். கோரிக்கை நோட்டுல ஏறிருச்சு. ஷாம்புதான் தலையை விட்டு இறங்கலை.

அடுத்து கதவுக்கு அடியில நோட்டீஸ் வருது. அச்சடிச்சது கூடாது, கையால எழுதினது மட்டும்தான், ஆளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக் கூடாது, மைக், வண்டி, மிருகம் எதுவும் பிரச்சாரத்துக்கு வரக் கூடாதுன்னு ஸ்டூடன்ட்ஸ் எலெக்‌ஷனுக்கு விதி வகுத்த லிங்டோ கமிட்டி சொல்லி, 2006லயே சுப்ரீம் கோர்ட் அமல்படுத்தச் சொல்லிருச்சு. நம்ம பசங்க கையால ஒண்ணு எழுதி, நானூறு ஜெராக்ஸ் போட்டுட்டாங்க. மிருகம் விஷயத்துல மட்டும் ரொம்ப சுத்தம். நம்ம பாண்டிச்சேரி மணக்குள விநாயகர் கோயில்ல இருந்த லட்சுமி மாதிரி ஒரு யானை வந்திருந்தா, தும்பிக்கையாலயாவது தண்ணி அடிச்சிருக்கும். (தண்ணி அடிக்கிறதுன்னதும் பாண்டிச்சேரி ஜோக்கோட கமென்ட்டுக்கு வராதீங்க. கடுப்புல இருக்கேன்.)

கடைசியில கதவு இடுக்கு வழியா மூணு மினரல் வாட்டர் பாட்டில் நீட்டினான். ஐஸ் தண்ணி! "இது அந்த அஞ்சாயிரத்துல எந்தக் கணக்குப்பா?"ன்னேன்.

"அன்புக் கணக்குணா."

சிரிச்சுத் தொலைச்சுட்டேன். நடுங்கிக்கிட்டே தலையை அலசினேன்.

வெளிய வந்து பார்த்தா வாசல்ல வச்ச என் செருப்பைக் காணோம். எவன்டா அது? நீலக் கலர், வலது கால்ல வார் தைச்சிருக்கும். மரியாதையா கொண்டு வந்து வச்சிடுங்க.