குரோனோ கிராஸ்: கதையை மாற்றவில்லை, ஏபிகே-யும் இல்லை

பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில், 1999-இல் வந்த குரோனோ கிராஸ் என்ற வீடியோ கேம் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. 'குரோனோ கிராஸ் முழுவதும் புதிதாக எடுக்கப்பட்டு, பழைய நாயகர்கள் பிழைக்கும்படி கதை மாற்றப்பட்டுள்ளது, போனில் இலவசம்' என்று சொல்லி, கூடவே ஓர் ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) லிங்க்கும் வருகிறது. இது தவறு.

2022 ஏப்ரலில் இந்த கேமின் நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்டது ரீமாஸ்டர்தான் (பழையதையே மெருகேற்றியது), ரீமேக் (முழுக்கப் புதிதாக எடுத்தது) அல்ல. படங்களைத் தெளிவாக்கினார்கள், யாசுனோரி மிட்சுடாவின் இசையை மெருகேற்றினார்கள், சண்டைகளைத் தவிர்க்கும் வசதி கொடுத்தார்கள். 1996-இல் ஜப்பானில் மட்டும் வந்த 'ராடிக்கல் டிரீமர்ஸ்' என்ற எழுத்து வடிவ விளையாட்டையும் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பரிசு. கதை 1999-இல் இருந்ததேதான்.

இதற்கு முந்தைய கேமான, 1995-இல் வந்த குரோனோ டிரிக்கரை நேசித்தவர்களுக்கு, குரோனோ கிராஸில் அதன் நாயகர்களுக்கு நேர்ந்த கதி இன்றும் வலிக்கிறது. அதனால்தான் இந்த வதந்தியை உடனே நம்பத் தோன்றுகிறது. அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த முடிவை யாரும் திருத்தவில்லை.

ரீமாஸ்டர் வந்தது ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினிக்கான ஸ்டீம் ஆகியவற்றில். ஸ்டீம் பக்கத்திலும் நிறுவனத்தின் தளத்திலும் நீங்களே பார்க்கலாம்.

தம்பி தங்கைகளே, அந்த லிங்க்கைத் தொடாதீர்கள், ஃபார்வர்டும் செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள். சரி, ஏற்கெனவே நிறுவியிருந்தால்? உடனே நீக்கிவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.