தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியதற்கு நான் ஆதாரம் காட்ட வேண்டுமாம்!

ஆதாரம் கேட்கிறார்கள் ஐயா, ஆதாரம்! மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பதற்கு நான் ஆதாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் கொதிப்பு அடங்கவில்லை.

எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மனுவோடு போய் நின்றவர்களுக்கு எல்லா அலுவலகமும் ஒன்றுதான். மனுவை வாங்கிய தம்பி முதல் வரியைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தார். "தரங்கம்பாடியில ஸ்டேஷனா? எங்க சார் இருக்கு?" இருந்தது, மூடிவிட்டார்கள், திரும்பத் திறக்கச் சொல்லித்தான் மனு என்றேன். கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்தார். பெரிதாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். "லைனே இல்லையே சார்." லைன் இல்லாததால்தானே தம்பி வந்திருக்கிறேன்! லைன் இருந்தால் நான் ஏன் வெயிலில் வந்து உங்கள் முன்னால் நிற்கப் போகிறேன்?

பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "காரைக்கால் லைனைச் சொல்றாரு போல" என்றார். இல்லை, அது பேரளத்திலிருந்து போவது, இது மாயவரத்திலிருந்து போனது என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், அந்தப் பக்கம்தானே." அதெப்படி ஒன்றாகும்? உள்ளே இருந்து இன்னொருவர் வந்து, அங்கே கோட்டை பார்த்திருக்கிறேன், ஸ்டேஷன் கேள்விப்பட்டதில்லை என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் அந்தத் தம்பி மனுவை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "ரயில் ஓடினதுக்குப் பழைய டிக்கெட், போட்டோ ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்களேன்."

1926-இல் போட்ட பாதை. 1986-இல் மூடும்வரை 60 வருடம் ஓடியது. மீட்டர் கேஜ் என்கிற பழைய குறுகலான பாதை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாயவரம் டவுன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், தரங்கம்பாடி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரை எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையை மூச்சுவிடாமல் சொல்வார்கள். அவர்கள் எல்லாரும் கனவிலா ரயில் ஏறினார்கள்?

அந்த வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, பொறையாரில் டி.பி.எம்.எல். கல்லூரி. இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன, பிள்ளைகளும் படிக்கிறார்கள், எப்படிப் போகிறார்கள்? காலையில் அந்தச் சாலையில் நின்று பாருங்கள், பஸ் படிக்கட்டில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகப் போகிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் பெற்ற வயிறு பதறுகிறது.

திருக்கடையூரை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அபிராமி சன்னிதியில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வருகிறவர்களுக்கு என்ன வயது? மணமகனுக்கே அறுபது, எண்பது! முட்டிவலியோடு வரும் அந்தத் தம்பதியை மாயவரத்தில் இறக்கிவிட்டு, இனி பஸ்ஸோ வாடகைக் காரோ உங்கள் பாடு என்று விட்டுவிடுகிறோம். கோயில் ஊருக்கே ஸ்டேஷன் வைத்திருந்தார்கள் ஐயா. அதைப் பிடுங்கியிருக்கிறோம்.

கேட்டால் உடனே வரும் பதில், "கூட்டம் வராது, வருமானம் கிடையாது." அன்றைக்கு நட்டக் கணக்கு காட்டித்தான் மூடினார்கள், இன்றைக்கும் அதே கணக்கு. 1986-இல் இருந்த ஊரா இது? 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது. மாவட்டத் தலைநகரத்துக்குப் போகாமல் யாருக்கு என்ன காரியம் நடக்கிறது? தரங்கம்பாடிக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தை யார் எண்ணினார்கள்? 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கி, அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஊர். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது. கடலைப் பார்த்தபடி நிற்கும் கோட்டைக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், பலகை வைக்கிறோம், அங்கே வந்து சேர வழி மட்டும் பண்ணமாட்டோம்.

மற்ற ஊருக்கு முடிகிறதே! நாகூரிலிருந்து காரைக்காலுக்கு 2011-இல் பாதை வந்தது. வேதாரண்யம் பக்கம் அகஸ்தியன்பள்ளி லைன் வருடக்கணக்காகச் செத்துக் கிடந்தது, அதை அகலப்பாதையாக்கி 2023 ஏப்ரலில் ரயில் விட்டுவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, நன்றாக ஓடட்டும். அதுவும் கடலோரம்தான், அங்கேயும் லைன் மூடித்தான் கிடந்தது. அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்காது? நிலத்தில் சிக்கல், பணத்தில் சிக்கல் என்று ஆயிரம் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். சிக்கல் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ரயிலே ஓடவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனவர்களிடம் கேளுங்கள் ஆதாரத்தை! எங்கே போட்டிருந்ததைப் பெயர்த்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய டிக்கெட்டுக்கு நான் எங்கே போவேன்? இறங்கும்போது ஸ்டேஷனில் வாங்கிக்கொள்வார்கள், இது தெரியாதா?

யாரிடமாவது அந்த லைனில் எடுத்த போட்டோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கல்யாணத்துக்குப் போகும்போது எடுத்தது, கல்லூரிக்கூட்டம் எடுத்தது, எதுவானாலும் சரி. பின்னால் ஸ்டேஷன் பலகை தெரிந்தால் போதும். மூஞ்சிக்கு நேராகக் கொண்டுபோய் வைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. அரசு அலுவலகத்தில் ஒரு பேனா வைத்துக்கொள்ளக் கூடாதா? எங்கே போனாலும் இதேதான். பேங்கில் கயிறு கட்டி வைக்கிறான், அதிலும் மை இல்லை. நல்ல பேனா அது, மகள் வாங்கிக் கொடுத்தது.