ஆறு எங்கே மாமா?

சென்னையிலிருந்து அக்கா மகன் ரெண்டு நாள் லீவுக்கு வந்திருந்தான். நாலாம் வகுப்பு. 'நான் பார்த்த ஆறு' என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். "சேலத்துல ஆறு இருக்கா மாமா?" என்றான். "இருக்காவா? ஊரே ஆத்தங்கரைதான்டா" என்று பெருமையடித்தேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

முதல் நாள் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவிலும் கார் ஊர்வலம், படகுக்கு ஒரு வரிசை, இறங்கினால் பஜ்ஜிக்கு ஒரு வரிசை. சரி, ஞாயிற்றுக்கிழமை. அதை இன்னொரு நாள் திட்டிக்கொள்ளலாம். இறங்கும்போது, "இந்த மலையிலிருந்துதான் நம்ம திருமணிமுத்தாறு வருது" என்று வேறு சொல்லி வைத்தேன்.

மறுநாள் சுகவனேசுவரர் கோயில். கிளி முகத்துச் சுகர் பூசித்த தலம், அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய இடம் என்று கதையெல்லாம் சொல்லி, ஆனந்தா பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"ஆறு எங்கே மாமா?"

ஆத்து மேலதான்டா நிக்கிற!

கீழே கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில் கறுப்பாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. பாதி மூழ்கிய பழைய மெத்தை, அதன் மேல் ஒற்றைக் கொக்கு. பேரில் மணி இருக்கிறது, முத்து இருக்கிறது, தண்ணீரைத்தான் காணோம். சாயக்கழிவு இறங்கினால் நிறமும் மாறும். சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் வரும், கரையில் சுவர் எழும்பும், சாக்கடைக் குழாய் மட்டும் அதன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். குழாயை அடைக்காமல் சுவரைக் கட்டி என்ன பிரயோசனம்? நாற்றத்துக்கு வேலியா? இந்தக் கண்றாவிதான் நாமக்கல் பக்கம் போய்க் காவிரியிலும் கலக்கிறது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாங்கள் நிற்கும்போதே ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். காய்ந்த சாமிப்பூ கட்டிய பிளாஸ்டிக் பையைக் கண்ணில் ஒற்றி, கும்பிட்டு, வீசினார். கும்பிட்டுவிட்டு!

"ஏங்க, சாக்கடையில போடுறீங்களே?"

"சாமிப்பூவை ஆத்துலதாங்க விடணும்" என்றார், எனக்குத் தெரியாத சாஸ்திரத்தைச் சொல்லித் தருவதுபோல.

ராத்திரி பையனின் நோட்டைப் பார்த்தேன். மேலே 'நான் பார்த்த ஆறு'. கீழே ஒரு பக்கம் முழுக்க ஏற்காடு ஏரி.