மஞ்சள் காமாலை: 'ரத்தம் கெட்டுவிடும்' என்பது தவறு

தருமபுரி, பாலக்கோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'ஹெபடைடிஸ் ஏ வந்தால் ரத்தம் மஞ்சளாகிக் கெட்டுவிடும், ஈரல் மீளாது, மூக்கில் பச்சிலைச் சாறு விட்டால் மூன்றே நாளில் இறங்கும்.' மூன்றுமே தவறு. ஹெபடைடிஸ் ஏ என்பது அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய்; மஞ்சள் காமாலை அதன் அறிகுறி.

ரத்தம் கெடுவதில்லை. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஈரல்தான் அதைப் பித்தத்தோடு வெளியேற்றும். வைரஸால் ஈரல் வீங்கியிருக்கும்போது அது ரத்தத்தில் தேங்கி, கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகின்றன. ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதி) பல மடங்கு ஏறியிருப்பதைப் பார்த்துப் பயப்படுவார்கள். ஆனால் ரத்தம் உறையும் நேரம்தான் முக்கியம். அது நீண்டாலோ, நோயாளி குழம்பிப் பேசினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலை அரிது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஈரல் முழுதாகத் தேறிவிடும். ஹெபடைடிஸ் ஏ நாள்பட்ட நோயாவதில்லை.

பச்சிலைக்குப் பிறகு மஞ்சள் குறைந்தால், அது தானாகக் குறைந்ததுதான். (பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை, மூக்கில் விடுவதைத்தான் சொல்கிறேன்.) தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பாராசிட்டமால் மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண் 104-ல் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.